செருப்பில் காணாமல் போன துண்டு

என் கணவர் மாடிப்படி ஏறி வரும்போது டக், டக் என்று சத்தம் கேட்டது. ரப்பர் செருப்புக்கு ஏது சத்தம் என்று எட்டிப் பார்த்தேன். எதையும் எட்டிப் பார்க்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. வாசலில் செருப்பைக் கழற்றினார், அது வரவில்லை. இழுத்ததும் ஓர் ஆணியோடு சேர்ந்து வந்தது. கூடுவாஞ்சேரியில் எங்கள் மனைக்குப் பக்கத்தில் கட்டடம் எழும்புகிறது. மனையைப் பார்க்கப் போனவர் அங்கே எதையோ மிதித்துவிட்டு, பஸ் பிடித்து, பெருங்களத்தூரில் இறங்கி வீடு வரை நடந்தும் வந்திருக்கிறார்.

"வலிக்கலையா?"

"இல்லம்மா. கல்லு மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்."

அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வருவதைப் பற்றி நாங்கள் இருவருமே பேசுவதில்லை.

கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அக்கா வந்து பார்த்தார். "துரு புட்ச்ச ஆணியா? ஒரு டீட்டீ போட்டுக்கினு வந்துட்டா மேட்டர் ஓவர். ரத்தமே வரல, இன்னாத்துக்கு பேஜார்?"

எங்கள் பக்கத்தில் ஆணி குத்தினால் எல்லாரும் துருவைத்தான் விசாரிப்பார்கள். டீட்டீ போட்டாச்சு என்றால் காயமே ஆறிவிட்ட மாதிரி. நாங்களும் குழாயடியில் சோப்பு போட்டுக் கழுவினோம், அன்றைக்கே இவருக்கு அந்த டீட்டீ ஊசியைப் போட்டுக் கூட்டி வந்தோம், நிம்மதியாகிவிட்டோம். ஓட்டையும் சமர்த்தாக மூடிக்கொண்டது. சில நாளில் உள்ளங்கால் லேசாக வீங்கியது, தொட்டால் சூடாக இருந்தது. நடந்ததால் வீங்கியிருக்கும் என்றார் இவர்.

எனக்கு வேறு ஒரு குடைச்சல். குப்பையில் போட எடுத்த அந்த நீலச் செருப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆணி குத்தினால் ரப்பர் விலகிக்கொடுத்து மறுபடி சேர்ந்துகொள்ள வேண்டும் அல்லவா? இதில் குட்டி வட்டமாகக் கொஞ்சம் ரப்பரே காணோம். எடுத்து வைத்திருந்த ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முனை மழுங்கிய ஆணி. அதிலும் ஒட்டியிருக்கவில்லை. அப்படியானால் அந்த நீலத் துண்டு எங்கே போயிற்று? பதில் தோன்றியதுமே செருப்பைப் பையில் போட்டு, இவரைக் கிளினிக்குக்குக் கிளப்பினேன்.

கிளினிக்கில் டாக்டரின் மேசைமேல் செருப்பை வைக்கக் கூச்சமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. காலைப் பிடித்து அங்கங்கே அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"இங்க?"

"ம்ஹூம்."

இவர் ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒவ்வொரு 'இல்லை'க்கும் பயம் கூடியது.

"சின்ன ஓட்டைதாம்மா மோசம். மேல மூடிக்கும், அழுக்கு உள்ளயே தங்கிடும். சர்க்கரை இருக்குறவங்களுக்கு விரலை எடுக்குற வரைக்கும் போயிடும். ஊசிக்கு மட்டும் வராதீங்க, அன்னைக்கே காயத்தையும் காட்டுங்க" என்றார் டாக்டர்.

மரத்துப்போக மருந்து போட்டு, கீறி எடுத்தார். பஞ்சின்மேல் அரிசி அளவு நீல ரப்பர். கிட்டக் குனிந்து பார்த்தேன். கண்டுபிடித்த சந்தோஷம் வரவேண்டியது, வரவில்லை. அந்த 'இல்லை'கள்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தன.

அடுத்த முறை கட்டு மாற்றப் போனபோது, காயத்துக்குள் வைத்திருந்த துணியை நர்ஸ் உருவினார்.

"ஐயோ! அம்மா!" என்று இவர் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

"வலிக்குதா?" என்றேன்.

"உயிரே போகுதுடி!"

"கத்துங்க, நல்லா கத்துங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.