கணக்கில் இருக்கும் கார்

டில்லியில் மயூர் விஹாரிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு வாரம் என்னைத் தன் காரில் அழைத்துப்போனவர் ஒரு கணித ஆராய்ச்சியாளர். குட்டையான நரைமுடி, கசங்கிய காட்டன் புடவை. மேம்பாலம் வளைந்து இறங்கும் இடத்தில் முன்னால் போகும் காருக்கு நிறைய இடம் விடுவார். அதில் யாராவது புகுந்துவிடுவார்கள். பின்னால் ஹாரன் அலறும். அவர் மறுபடியும் இடம் விடுவார்.

அந்த வாரத்தில் ஒருநாள் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்காணல். "கொஞ்சம் ஜல்தி போகலாமே, மேடம்," என்றேன்.

"இந்த மாதிரி சரிவுல, வளைவுல ஒருத்தர் பிரேக் போட்டா, பின்னாடி வர்றவங்க ஒருத்தரை விட ஒருத்தர் அழுத்திப் போடுவாங்க. கடைசியில யாரோ நின்னே போயிடுவாங்க. அது எப்ப நடக்கும், எப்ப அடங்கும்ங்கறதுதான் என் ஆராய்ச்சி. நடுவுல இடம் இருந்தா அடங்கிடும்."

"டில்லியில அந்தக் கணக்கு சரியா வருதா?"

"வரல," என்று சிரித்தார். "என் கணக்குல எல்லாரும் வரிசையா, இடம் விட்டுப் போறாங்க. இங்க யாரு அப்படிப் போறா? அந்தக் கணக்குல இருக்கற கார்கள்ல ஒண்ணாவது நிஜ ரோட்டுல ஓடட்டுமே."

திரும்பிப் பார்த்தேன். ஹாரன் அடித்தபடியே வண்டிகள் நிற்காமல் இறங்கி வந்துகொண்டிருந்தன. வளைவுக்கு அப்பால் தெரியவில்லை. அவர் விட்ட இடத்தால் அங்கே யாராவது நிற்காமல் தப்பித்தார்களா என்பது அவருக்கும் ஒருநாளும் தெரிந்திருக்காது. தெரியாமலே தினமும் எப்படி அத்தனை நிதானமாக ஓட்டினார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.