சரிகைக் கடை மாடியில் கோல் காத்த தயாளன்

தயாளன் இறந்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே. தூங்குகிறார் என்று நினைத்து, இறங்கும் இடத்தில்தான் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது. பாதி தூக்கியதை இழுத்துப் பூட்டிவிட்டு மாகறலில் அவர் வீட்டுக்குப் போனேன்.

மைதானத்தில் பார்த்த உங்களுக்கு அவர் நம் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர் கோச். எனக்கு, என் சரிகைக் கடை மாடியறையை மாலையில் மட்டும் வாடகைக்குக் கேட்டு வந்தவர். "பகல்ல உன் பெட்டிங்க இருக்கட்டும் முதலாளி. சாயங்காலம் ஓரமா தள்ளிட்டு நாங்க பாயறோம்" என்றார். பாதி நேரத்துக்கு முழு வாடகை கேட்டேன். "அப்ப உன் பெட்டிங்களுக்கு நான் காவல். அதுக்கு நீ இன்னா குடுப்ப?" என்றார். பேரத்தில் என்னை மடக்கியவர்கள் குறைவு. சிரித்துவிட்டேன், வாடகையும் குறைந்தது.

அங்கே பந்து கிடையாது. தலையில் மாட்டும் வி.ஆர். கருவி ஒன்று, இரண்டு கைக்கும் இரண்டு பிடி. மாட்டிக்கொண்டால் கண்ணெதிரே மைதானம். எதிரணி ஆள் ஓடி வந்து பந்தை உதைப்பார். உதைப்பவரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துப் பழகலாம், முழங்கை சிராய்க்காமல். பாய்கிறவர்கள் சுவரில் மோதாமலிருக்கக் கழிவுப் பட்டு மூட்டைகளைச் சுற்றிலும் அடுக்கிக் கொடுத்தேன்.

ஒருநாள் எனக்கும் மாட்டிவிட்டார். பந்து முகத்துக்கு நேரே வந்தது, மேசைக்கடியில் போய்விட்டேன். "பாக்கி கேக்க வந்தவனைப் பாத்தா மாதிரி ஒளியறியே பா!" என்று சிரித்தார். பந்தைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. அவ்வளவு பெரிய மைதானத்தில், கோல் கம்பத்தருகே நான் ஒற்றை ஆள். மனைவி இறந்த பிறகு, வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போடுவதற்கு முன் ஒரு நொடி இருக்குமே, அந்த மாதிரி.

கருவியில் ஒரு குறை இருந்ததைத் தென்னேரிப் போட்டியில்தான் கண்டுபிடித்தோம். மாடியில் பழகிய எங்கள் கோல்கீப்பர் சாந்தி பெனால்டி ஒன்றை அழகாகத் தடுத்தாள். கொஞ்ச நேரத்தில் உயரமாக வந்த பந்துக்கு ஓடினாள். அவள் அணிப் பெண் ஒருத்தியும் அதே பந்துக்கு ஓடி வந்தாள். 'என்னுது' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் அந்தப் பெண் விலகியிருப்பாள். சாந்தி வாயைத் திறக்கவில்லை. இருவரும் மோதி விழ, பந்து மெதுவாக உருண்டு கோலுக்குள் போனது. தோற்றோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தயாளன் சொன்னார்: "அவளைத் திட்டாத முதலாளி. அந்தக் கருவிக்குள்ள நம்ம ஆளு ஒருத்தரும் இல்ல. மாசக்கணக்கா பேச ஆளில்லாம இருந்தா வாய் தானா மூடிக்கும்." எனக்குத் தெரியாத விஷயமில்லை அது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் கடைக்கு வந்தார். "கோல்கீப்பருக்கு வாய்தான் முதல்ல, கை அப்புறம். நாள் பூரா இங்க கத்திக்கினு இருக்கியே, அதை மேல வந்து கத்து."

அன்றிலிருந்து கடை மூடியதும் மேலே போய் மூட்டையோரம் நிற்பேன். கருவியை மாட்டிய சாந்தி "என்னுது!" என்று கத்துவாள். நான் "எடு!" என்று கத்திக்கொண்டே விலக வேண்டும். அவள் பார்க்கும் பந்து எனக்குத் தெரியாது. நான் நிற்பது அவளுக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். தாமதித்தால் தாடையில் இடி விழும். "முதலாளி தூங்கறாரு, எழுப்பு சாந்தி!" என்பார் தயாளன். வீட்டுக்குப் போகையில் தொண்டை கட்டியிருக்கும். அந்தக் கட்டிய தொண்டையோடு சாப்பிடும்போது, தனியாகச் சாப்பிடுவதுகூடக் கஷ்டமாகத் தெரியவில்லை.

இந்த வாரம் அறை பூட்டிக் கிடந்தது. காரியம் முடிவதற்குள் பக்கத்துப் புடவைக் கடைக்காரர் வந்து, "ரூமை முழுசா எனக்குக் குடுத்துடுங்க, வாடகை அதிகமாவே தர்றேன்" என்றார். வியாபாரமாகப் பார்த்தால் தலையாட்டியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நேற்று சாந்தி வந்தாள். தயாளனின் தங்கை கருவியை அவளிடம் கொடுத்துவிட்டாராம்.

"ரூம்பைக் குடுத்துடப் போறீங்களா அங்கிள்? அடுத்த மாசம் மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கறாங்க. இதை விட்டா எனக்கு வேற எடம் இல்ல."

"சார் இல்லாம யாரும்மா சொல்லிக்குடுப்பாங்க?"

"அவர் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குது. பதில் சொல்லத்தான் ஒரு ஆளு வேணும்."

தயாளனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த வேலைதான்: கண்ணுக்குத் தெரியாத பந்துக்காக ஒருவர் கூப்பிடும்போது, இருக்கிறேன் என்று பதில் கொடுப்பது. புடவைக் கடைக்காரருக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சாந்தியோடு பேசி முடித்தது இது. வாடகை பழையபடி, அணி கொடுக்கும். பெட்டிகளுக்கு அவர்கள் காவல். தயாளன் நிற்கும் ஜன்னலோரத்தில் மூட்டை அடுக்கக் கூடாது. குரல் கொடுக்காமல் அவள் பாயக் கூடாது. பயிற்சி வாரத்தில் ஆறு நாள் என்றாள். ஏழு என்று பேசி முடித்தேன்.