பாலைவனத்துக்கு மூன்று நாள்

ஜனவரியில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை வருகிறது, எங்கே போகலாம் என்று ஹம்ஸினி கேட்டபோது, அம்மா ஷீரடி என்பாள், மிஞ்சிப்போனால் ஸ்ரீசைலம் என்பாள் என்றுதான் நினைத்திருந்தாள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ரமணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பாலைவனம் என்றாள். எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த அப்பா சாம்பசிவம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அறுபத்து மூன்று வயதில், மூட்டுவலித் தைலத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவளுக்கு மணலைப் பார்க்க எதற்கு ஆசை என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் கேட்கிற பழக்கமே கிடையாது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. சாம்பசிவம் ஹைதராபாதில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ரமணி மன்னார்குடியிலிருந்து மணமாகி வந்த நாளிலிருந்து அவர் ஓய்வு பெறும்வரை அதன் குவார்ட்டர்ஸில்தான் குடும்பம் நடத்தினாள். ஆண்கள் திடீரென்று ஒரு பெட்டியோடு கிளம்புவார்கள். "சைட்டுக்குப் போறேன்" என்பார்கள். எந்த சைட், எந்த ஊர், எப்போது திரும்புவது, எதையும் சொல்லக் கூடாது. அதனால் மனைவிமார்கள் கேட்கவும் கூடாது. கேட்காத பெண்டாட்டிதான் நல்ல பெண்டாட்டி. அந்தக் கணக்கில் பார்த்தால் ரமணிக்கு மெடலே கொடுத்திருக்கலாம். ஆனால் துணி துவைக்கிறவள் கண்ணை யார் கட்ட முடியும்? பெல்ட் பக்கிளில் துரு ஏறியிருந்தால் கடற்கரை. சட்டைத் தையலில் மணல் சிக்கியிருந்தால் பாலைவனம். காலனிப் பெண்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும், ஒருத்தியும் வாய்திறந்து சொன்னதில்லை.

தொண்ணூற்றிரண்டு மே மாதம் ஹம்ஸினி பிறந்தபோதும் அவர் சைட்டில்தான் இருந்தார். செகந்திராபாத் ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்தாம் நாள் குழந்தையோடு வீட்டுக்கு வந்தவள், வாசற்கதவை மூடவே விடவில்லை. எதிர்வீட்டு அலமு வீட்டில் டெலிபோன் இருந்தது. அது ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் ரமணி பால் கொடுப்பதைக்கூட நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். அலமு வந்து, உனக்கு இல்லை ரமணி, என் தம்பி என்பாள். சில நாள் அதைச் சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு வராமலே இருந்துவிடுவாள். இருபத்து மூன்றாம் நாள் சாம்பசிவம் கறுத்து இளைத்து வந்து நின்றார். குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு அழுதார். போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அவர் சட்டையை உதறியபோது துவைக்கிற கல்லில் மணல் கொட்டியது.

அந்தக் கோபம் ரமணிக்கு இன்னும் போகவில்லை. வருத்தம், மனத்தாங்கல் என்றெல்லாம் மெழுகுவானேன், கோபம்தான். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. குழந்தைக்கு ஜுரமென்றால் கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருப்பார். ஆனால் பெண் பிறந்திருக்கிறாள் என்று தெரிந்தும் ஒரு போன் பண்ண மனசு வரவில்லையே என்று முப்பத்து மூன்று வருஷமாக உள்ளுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பாலைவனத்தில் ஒரு தடவை போய் நின்று பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். பார்த்தால் அங்கிருந்து ஒரு மனுஷன் போன் பண்ணியிருக்க முடியுமா முடியாதா என்பது தெரிந்துவிடும். முடியாது என்று தெரிந்தால் போதும், மன்னித்துவிடலாம். ரமணியின் திட்டம் அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை.

ஓய்வுக்குப் பிறகு இருவரும் வந்து சேர்ந்த ஹம்ஸினியின் வாடகை வீடு, அதே ஹைதராபாதில் மௌலா அலி என்ற பகுதியில் நான்காவது மாடி. அவள் வங்கிக்குப் போன பிறகு வீடு ஓசையடங்கிவிடும். சாம்பசிவம் பேப்பரை மார்பில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். ரமணி பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தர்கா இருக்கிற மொட்டைப்பாறைக் குன்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெயிலில் கண் சொக்கும். சொக்கும்போது குன்று மெல்ல இளகத் தொடங்கும். படிக்கட்டு கரையும், பாறை பொடிப்பொடியாகி வழியும், வீடுகளும் ஆட்டோக்களும் கீழே போய், கண்ணுக்கு எட்டினவரை பொன்னிறமாக அலையலையாய்க் கிடக்கும். எங்கோ ரயில் கூவுவது கேட்கும். அவள் செருப்பில்லாமல் நடப்பாள், மூட்டு வலிக்காது. சில நாள் அந்த மணலில் மழைகூடப் பெய்தது. எல்லா நாளும் தூரத்தில் ஒல்லியாக ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கூப்பிட்டால் திரும்பமாட்டார். விழித்துக்கொண்டால் உள்ளே அதே ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திட்டம் வளர்ந்தது. ஹம்ஸினி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பாள், ரமணி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வாள். முதல் நாள் விமானம், அப்புறம் ஜெய்சல்மேர் வரை கார். இரண்டாம் நாள் காலையில் கோட்டை, மதியம் ஏரி, சாயங்காலம் மணல்மேடு, ஒட்டகம், கூடாரத்தில் சாப்பாடு. மூன்றாம் நாள் திரும்புவது. ஒட்டகத்தின் மேல் ஏறினால் இறங்க முடியுமா என்று ரமணி கவலைப்பட்டாள். இறங்காவிட்டால் அங்கேயே இருந்துவிடு, பென்ஷனை மணியார்டர் பண்ணுகிறோம் என்று மகள் சொன்னாள்.

சாம்பசிவம் இதில் கலந்துகொள்ளவில்லை. கேட்டால், நான் அந்தப் பக்கமெல்லாம் போனதில்லை என்பார். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் அந்த வாக்கியத்துக்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கமாட்டார். போகிற போக்கில், செருப்பு வேண்டாம், ஷூ எடுத்துக்கொள் என்பார். தண்ணீர் பாட்டிலை ஈரத்துணியில் சுற்றிக் கட்டினால் நாள் முழுக்கச் சில்லென்று இருக்கும் என்பார். ஜனவரியில் பகல் வெயிலை நம்பி ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போனால், பொழுது சாய்ந்ததும் பல் கிடுகிடுக்கும் என்பார். ரமணி எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வாள்.

"போனதே இல்லாத ஊரப் பத்தி இவ்வளவு தெரியுதாப்பா?" என்றாள் ஹம்ஸினி.

"படிச்சிருக்கேன்."

"ஹவ், ஹவ்" என்று ஹைதராபாத் உருதுவில் ஆமாம் போட்டாள் மகள். "படிச்சிருப்பீங்க."

டிக்கெட் போட வேண்டிய ஞாயிறு வந்தது. ஹம்ஸினி கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள். வரைபடம் திரையில் விரிந்திருந்தது. சாம்பசிவம் எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். அவர் விரல் ஜெய்சல்மேரிலிருந்து கிளம்பியது. தப்பான சாலையில் திரும்பவில்லை, எங்கும் தயங்கவில்லை. வெறும் கோடாக ஓடிய ஒரு சாலையோடு போய் ஒரு முக்கில் நின்றது.

"இங்க ஒரு அரை மணி நேரம் வண்டிய நிறுத்தச் சொல்லு."

ஹம்ஸினி அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். இரண்டு சாலைகள் சேர்கிற இடம், சுற்றிலும் மணல், வேறொன்றும் கண்ணில் படவில்லை. "இங்க ஒண்ணுமே இல்லையே. கைக்குப்பா, எதுக்கு?"

ரமணி பேனாவை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கே சொல்ல வந்ததை விழுங்கிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. ரோட்டோரம், யார் வேணாலும் நிக்கலாம்" என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வதுபோலத் தொடங்கினார். "நீ பொறந்த சேதி எனக்கு ஆறாம் நாளுதான் வந்துச்சு. கெஞ்சிக் கூத்தாடி ஜீப்புல இங்க வந்து எறங்கினேன். ஒரு எஸ்டிடி பூத்து இருந்துச்சு அப்ப. காலையில எட்டு மணி. ஒரே புழுதிக்காத்து, லைன் செத்துக் கெடந்துச்சு. சாயங்காலம் ஜீப்பு திரும்பி வர்ற வரைக்கும் அலமு வீட்டு நம்பரச் சுத்திக்கிட்டே இருந்தேன். கிடைக்கல. அதுக்கப்பறம் வெளிய விடல."

ஹம்ஸினி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ரமணிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் கிடந்தபோது, இந்த மனுஷன் ஒரு நாள் பூரா அங்கே நின்றிருக்கிறார். இதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு விமான டிக்கெட் போடுகிறவரை வர வேண்டியிருந்தது.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்றாள். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

சாம்பசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கேருந்து போட்டேன்னு சொல்லணுமேன்னு முதல்ல பேசாம இருந்துட்டேன். அப்பறம், நீ கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன்" என்றார். "நீ கேக்கவே இல்லையே ரமணி."

கேட்காமலிருந்ததைப் பற்றி ரமணிக்கு எத்தனை பெருமை இருந்தது! காலனியில் பத்துப் பேர் நடுவில் நிமிர்ந்து நடந்த பெருமை. அந்தப் பெருமைதான் இத்தனை நாள் அவர் வாயையும் கட்டியிருந்தது.

ஹம்ஸினிதான் மெதுவாகச் சொன்னாள். அரை மணி நேரம் நிற்பதற்கு அவ்வளவு தூரம் போய்வந்தால், இரண்டாம் நாள் காலையில் கோட்டைக்கு நேரம் போதாது. பூத்து இப்போது இருக்காது, டீக்கடைகூட இருக்குமோ என்னவோ.

ரமணி காலண்டர் தாளைத் தன் பக்கம் இழுத்து, கோட்டையை அடித்தாள். ஏரியையும் ஒட்டகத்தையும் அடித்தாள்.

"எட்டு மணிக்கு அங்க இருக்கிற மாதிரி வண்டி சொல்லு" என்றாள். "சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்."