குளத்துக்குப் போன உரம்

என் முட்டைக்கோஸ் பாத்திகளுக்குக் கீழே தேயிலைத் தோட்டத்துக் குளம். அது பச்சையாகி மீன்கள் செத்து மிதந்த வருடம், தண்ணீரைச் சோதிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மா வாராவாரம் வந்தார். நரைத்த குட்டை முடி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். புட்டியைக் குளத்துத் தண்ணீராலேயே மூன்று முறை அலசிய பிறகுதான் நிரப்புவார். என் வாய்க்காலிலும் ஒரு புட்டி எடுப்பார். என்னைப் பார்த்துச் சிரிப்பாரே தவிர எதுவும் கேட்கமாட்டார்.

ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை. "டாக்டர், நான்தான் உரத்த ரெண்டு மடங்கு போட்டேன். மழையில கீழ போயிருக்கும்," என்றேன்.

"தெரியும் அண்ணே. செடி தின்னாத உரத்தப் பாசி தின்னுச்சி. மீனுக்குக் காத்து இல்லாம போச்சி."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னைக் கண்டாலே ஓடியிருப்பீங்க லா. ஒரு பாத்தியில பாதி உரம் போட்டுப் பாருங்க."

போட்டேன். கோஸ் குறையில்லாமல் விளைந்தது. என் பாத்திகள் எல்லாவற்றிலும் உரத்தைப் பாதியாக்கினேன். குளமும் மெல்லத் தெளிந்தது. அவர் வந்த கடைசி நாளில் பெரிய கோஸ் ஒன்றைக் கொடுத்தேன். குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வேனில் ஏறினார்.

நான் வாயே திறக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? அதைக் கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.