பதினாறு காம்பராவும் ஒரு மண்டபமும்

முகாம் தலைவருக்கு முதலில் வேண்டியது பெரிய குரல். எனக்கு அதுதான் இல்லை. கோயில் கமிட்டிக்கோ சங்கத்துக்கோ தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். அடைமழையில் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்தது. லயத்தின் ஒரே கூரைக்கடியில் அறைக்கொரு குடும்பமாக இருந்த பதினாறு காம்பராக்காரர்களும் பாடசாலை மண்டபத்து முகாமுக்கு வந்தோம். சிங்களத்தில் கடிதம் எழுதத் தெரியும் என்பதால் என்னைத் தலைவராக்கிவிட்டார்கள்.

பாய் போட்ட ஒழுங்கு

கைக்குழந்தைக்காரர் ஒரு பக்கம், வயதானவர்கள் ஒரு பக்கம் என்று அழகாகப் பிரித்துப் படுக்கவைத்தேன். காலையில் வந்து பார்த்தால் எல்லாப் பாயும் இடம் மாறியிருந்தது. முதலாம் காம்பரா வாசலோரம், அடுத்தது இரண்டாம் காம்பரா, அப்படியே பதினாறு வரைக்கும். நடுவில் சுவர் மட்டும்தான் இல்லை. கொழுந்தெடுக்கும் மாரியாயி அக்காவிடம் ஏன் என்று கேட்டேன்.

"பக்கத்துக் காம்பரா செல்வி இருமுறது காதுல விழுந்தாத்தான் தம்பி எனக்குக் கண்ணு மூடும்."

மேலே போகக் கூடாது

லயத்துப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று கிராம சேவகர் உத்தரவு. அதைத் தினமும் சொல்வது என் வேலை. ஒரு நாள், மேலே யாராவது போயிருக்கிறார்களா என்று பார்த்து வரக் கிளம்பினேன். நானே நம்பிய பொய் அது. எங்கள் காம்பராச் சுவர் கை நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. உள்ளே அடுப்புக்கல் அப்படியே இருந்தது. அம்மா அவசரத்தில் கவிழ்த்துவிட்டு வந்த சட்டியும் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரும்பினால், போஞ்சிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டு எங்கள் லயத்து ராசு மாமா.

"வாங்க தலைவரே, நீங்க யாரைத் தடுக்க வந்தீங்க?"

எட்டுப் பெயர்

பிறகு புது வீடு கட்ட அரசாங்கக் காணி வந்தது. ஆனால் எட்டு வீட்டுக்குத்தான் இடம். மற்ற எட்டுக் குடும்பமும் வலப்பனைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாம். யார் இங்கே, யார் அங்கே என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பெயரை எழுதினால் இன்னொரு பெயர் அழிகிற மாதிரி இருந்தது. கடைசியில் எல்லாரையும் கூட்டி, என்னால் முடியவில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

ராசு மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "அழுது முடிச்சிட்டு எழுது. பதினாறு பேரையும் எழுது. இல்லேன்னா இங்கேயே இருக்கோம்னு எழுது." சொந்த வாசலுக்கு ஏங்கிக் கிடந்தவர்களில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. மறுநாள் காணி அலுவலகத்து ஐயா, பதினாறு பெயரும் இருந்த தாளை இரண்டு தரம் படித்தார். கோபப்படவில்லை. தம்பி என்று கூப்பிட்டு, சிங்களத்தில் மெதுவாகத்தான் சொன்னார்.

"மல்லி, எட்டுப் பேரை எழுதியிருந்தா அந்த எட்டுல நீயும் ஒருத்தனா இருந்திருப்பியே."

வீடு இன்னும் கிடைக்கவில்லை, மண்டபத்திலேயேதான் இருக்கிறோம். ஆக, தலைமை என்பது பதினைந்து வீட்டு ஏச்சோடு சொந்த வீட்டு ஏச்சையும் வாங்கிக்கொண்டு, நாளைய சமையலுக்கு விறகு கிடக்கிறதா என்று பார்க்கப் போவதுதான்.