மடுல்கெல்லயிலிருந்து ஈரல் ஸ்கேனுக்கு

போன செவ்வாய்க்கிழமை அண்ணனைக் கட்டுகஸ்தோட்டைக்குக் கூட்டிப் போனேன். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன் அங்கே ஒரு தனியார் கிளினிக்கில் இருக்கிறது. அண்ணனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. ஒரு சொட்டுக் குடிக்காதவர். ஆனால் பத்து வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு; ஈரலில் கொழுப்பும் படிந்துவிட்டது. வெறும் கொழுப்புதானா, தழும்பு விழுந்து இறுகிவிட்டதா என்று தெரிய வேண்டும். அந்தப் பயத்தில் முதல்நாள் எனக்குத் தூக்கமே இல்லை.

மடுல்கெல்லயில் காலை 6.10க்கு பஸ். வத்தேகம வழியாகச் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு 130 ரூபாய். வளைவுகளில் வயிறு புரட்டும், ஜன்னலோரம் பிடியுங்கள். 7.45க்கு இறங்கி, கொண்டுபோன ரொட்டியைத் தேத்தண்ணியோடு சாப்பிட்டுவிட்டு 8.30க்கு கிளினிக்கில் நின்றோம்.

"ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று ஸ்கேன் எடுக்கும் பெண் கேட்டார்.

"இல்லங்க" என்றார் அண்ணன். "ரொட்டியும் தேத்தண்ணியும்தான்."

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சோறு உள்ளே இறங்கினால்தான் அதைச் சாப்பாடு என்போம். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப சாப்பிட்டதிலிருந்து மூணு மணித்தியாலம் இருக்கணும். சாப்பிட்டா ஈரலுக்கு ரத்தம் கூடப் போகும். உள்ளதைவிட இறுக்கமாக் காட்டும்."

மூன்று மணித்தியாலம்! எனக்குக் கதிரையில் உட்கார முடியவில்லை. பக்கத்திலிருந்த மகாவலி ஆற்றுப் பாலம்வரை நான்கு தடவை போய் வந்தேன். அண்ணன் நிம்மதியாகக் கண்ணயர்ந்திருந்தார். நான் வந்த சத்தத்தில் விழித்து, "நீ நடந்தா என் ஈரல் எளகிருமா?" என்றார்.

11.15க்கு உள்ளே எடுத்தார்கள். வலது விலாவில் ஒரு கருவியை வைத்து மெல்லத் தட்டுகிறார்கள். அந்த அதிர்வு இறுகிய ஈரலில் வேகமாக ஓடுமாம். பத்தே நிமிடம், வலி இல்லை, 12,000 ரூபாய்.

"இறுகினா என்ன ஆகும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"அங்க இருக்கிற செல்லுக்கு அந்த இறுக்கம் தெரியும். தெரிஞ்சா இன்னும் நார் போடும். அதால இன்னும் இறுகும். சும்மா விட்டா கூடிக்கிட்டே போகும்."

அளவு பதினாறு; ஏழுக்குள் இருந்தால்தான் நல்லதாம். தழும்பு முற்றிவிட்டது, இனி முழுதாக இளகுவது கஷ்டம், மேலும் இறுகாமல் பார்த்துக்கொள்வோம் என்றார் டொக்டர்.

போகிறவர்களுக்கு: ஸ்கேனுக்கு மூன்று மணித்தியாலம் முன்பிருந்தே தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்காதீர்கள், தேத்தண்ணியும் கூடாது. பொத்தான் வைத்த சட்டை நல்லது. பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கேன் எடுக்கச் சொல்லி டொக்டர் துண்டு எழுதித் தந்தால் அந்தக் கிழமைக்குள்ளேயே போங்கள்.

எங்களுடைய துண்டுக்கு இரண்டு வயது. அண்ணன் அப்போதே கிளம்பினார். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடியட்டும், மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டவள் நான்தான். இதை எழுதாமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது.

டொக்டர் துண்டிலிருந்த திகதியைப் பார்த்து, "ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் அண்ணன் முந்திக்கொண்டார்.

"தங்கச்சி கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்திச்சு டொக்டர். எனக்குத்தான் லீவு கெடைக்கல."