ஒரே கருவில் பிரிந்த இருவர்

படிக்க வேண்டிய பெண்ணை விட்டுவிட்டு அவளுடைய கூடப்பிறந்தவளைப் படிக்க அனுப்பியவன் நான். அதை வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சொன்ன பொய்யை வேண்டுமென்றேதான் சொன்னேன்.

இதை இப்போது எழுத வைத்தது ஒரு வெங்காயம். ஹட்டனில் என் வீட்டு அடுப்படியில், கூடைக்கு அடியில் மறந்துபோன வெங்காயம் ஒன்று வெள்ளை வெள்ளையாக வேர்விட்டிருந்தது. மருமகள் வீசப் போனாள். "வீசாதம்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். இந்தக் கிழவனின் கோளாறுகள் அவளுக்குப் பழக்கம். வேரைப் பார்த்ததும் என் மூக்கில் ஏறியது வெங்காய வாசம் அல்ல, அசற்றிக்கமிலத்தின் புளித்த நெடி.

மஸ்கெலியாப் பக்கத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடம் முழுக்க அந்த நெடிதான். ஆய்வுகூடம் என்றால் ஒரு மேசை, ஒரு நுணுக்குக்காட்டி, கதவு சாத்தாத ஓர் அலுமாரி. வெங்காய வேரின் நுனியை வெட்டி, அமிலத்தில் ஊறப்போட்டு, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்குவேன். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் உயிர்க்கலம் ஒன்று கண்ணில் படும். குரோமோசோம் என்கிற நிறமூர்த்தங்கள் இரண்டு பக்கமும் இழுபட்டு நிற்கும். "சேமியா மாதிரி இருக்கு சார்" என்றான் ஒருவன். மோசமான உவமை இல்லை.

அந்தச் சேமியாவுக்குள் சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ.யைக் கரும்பலகையில் வரைந்தேன். நான்கே எழுத்துகளில் எழுதிய நீண்ட செய்தி, இரண்டு இழைகளாக. கலம் பிரியும் முன் இழைகள் விலகும். ஒவ்வொன்றும் தன் எழுத்துகளுக்குப் பொருத்தமான சோடி எழுத்துகளைச் சேர்த்துப் புதிய துணை இழையைக் கட்டிக்கொள்ளும். ஒன்று இரண்டாகும், இரண்டிலும் அதே செய்தி. படம் போதவில்லை என்று தோன்ற, வகுப்பிலிருந்த இரட்டைச் சகோதரிகள் கமலாவையும் விமலாவையும் முன்னால் கூப்பிட்டு நிறுத்தினேன். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து வந்தவர்கள், உயிருள்ள உதாரணம் என்றேன்.

"இதுல எது சார் கொப்பி?" என்றான் பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன்.

"நீதான்டா கொரங்கோட கொப்பி" என்றாள் இருவரில் ஒருத்தி. வகுப்பு சிரித்து அடங்கியதும் அவளே கேட்டாள்: "எல்லாக் கலத்துலயும் ஒரே செய்தின்னா, ஒண்ணு கண்ணாவும் ஒண்ணு நகமாவும் எப்படி சார் ஆகுது?"

எனக்குச் சரியாகத் தெரியாது. "அது பாடத்திட்டத்துல இல்ல, போய் ஒக்காரு" என்றேன்.

அந்த ஆண்டு முழுவதும் அந்த வாங்கிலிருந்து இப்படிக் கேள்விகள் வந்தன. கேட்பது யார் என்று எனக்குத் தெரியாது. ஒரே முகம், ஒரே பின்னல். பெயரைக் கேட்க வெட்கமாக இருந்தது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஹட்டனில் விடுதியோடு ஓர் இடம் எங்கள் பள்ளிக்குக் கிடைத்தபோது, கேள்வி கேட்கிறவளுக்குத்தான் என்று முடிவு செய்தேன். அவள் விமலா என்று நினைத்துக்கொண்டு அதிபரிடம் பெயரைக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் மற்றவள் வந்து நின்றாள். "சார், கேள்வி கேக்குறது நான்தாங்க. விமலா எனக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவா. நான் கமலா."

திருத்தியிருக்கலாம். ஆனால் திருத்தினால், என் வகுப்புப் பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று அதிபரிடம் சொல்ல வேண்டும்.

"ஒங்க அப்பாதாம்மா அவள அனுப்பச் சொன்னாரு" என்றேன்.

"எங்க அப்பாவா?"

"ஆமா."

மறுநாள் அவர்களுடைய அப்பா காளிமுத்து, மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், மழைக்குப் போர்த்திய கம்பளியோடு ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார். சண்டைக்குத் தயாரானேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "நல்லதுங்க சார்" என்றார். போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை விளங்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். எல்லாக் கலத்திலும் அதே புத்தகம்தான், திறந்திருக்கும் பக்கங்கள்தான் வேறாம். பிரதி எடுக்கும்போது பிழைகள்கூட விழுமாம், பெரும்பாலானவற்றைக் கலமே திருத்திக்கொள்ளுமாம். அப்படியானால் அந்த இருவரையும் ஒன்றாகக் கண்டது என் அரைகுறைப் பாடமா, என் கண்ணா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

வெங்காயம் வேர்விட்ட அந்த வாரமே மஸ்கெலியா பஸ் ஏறினேன். வீட்டை விசாரித்துப் போனபோது ஒரு பெண் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கமலா. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"இப்பவுமா சார்?" என்று சிரித்தாள். "நான் விமலாங்க. ஹட்டன்ல ஒரு தவணை, மூணு மாசங்கூட இருக்கல. தவளைய வெட்டச் சொன்னாங்க, ஓடி வந்துட்டேன்."

கமலா பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்தாள். அவளிடம் மறுபடியும் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"அன்னைக்கே அப்பாகிட்ட கேட்டேன் சார். அவரு இல்லைன்னு சொல்லல. பேசாம வெத்தல மடிச்சிக்கிட்டு இருந்தாரு."

"ஒரு வாத்தியாரப் பொய்க்காரர்னு புள்ளகிட்ட எப்படிடி சொல்லுவாரு?" என்றாள் விமலா.

"அவரு சாகுற வரைக்கும் நான் அவருக்கு மொகங்குடுத்துப் பேசல" என்றாள் கமலா.

அவளுக்கு எதையோ திருப்பிக் கொடுக்க வந்ததாக நினைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தால், இருந்ததையும் பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. சொல்லாமலே இருந்திருக்க வேண்டுமா? "மன்னிச்சிரும்மா" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குங்க? அவருகிட்ட சொல்லுங்க. பழைய லயத்துலதான் அவரு உசுரு போச்சு."

மூவரும் மேலே நடந்தோம். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த அந்த லயம் இப்போது இல்லை. கூரை, காம்பரா, வாசல் எதுவும் இல்லை, சரிவு முழுக்கத் தேயிலை. எங்கே நின்று சொல்வது என்று தெரியாமல் ஒரு செடிக்கு முன்னால் நின்று, "காளிமுத்து" என்று தொடங்கினேன்.

பின்னாலிருந்து கமலாவின் குரல் வந்தது.

"இன்னுங் கொஞ்சம் மேலங்க சார்."